துளசிராம் அண்ணன் போடாத போன்

செவ்வாய்க்கிழமை காலை இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது முத்துப்பேச்சி கூப்பிட்டாள். நான் உசிலம்பட்டிப் பக்கம் தலைமை ஆசிரியையாக இருந்த பள்ளியில் சத்துணவு அமைப்பாளர் அவள். "டீச்சர், நம்ம அண்ணே போயிட்டாகளாம்" என்றாள். எந்த அண்ணன் என்று நான் கேட்கவில்லை. மதுரை கோச்சடையில் இருந்த அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் தெருமுனையில் மூன்று ஃபிளெக்ஸ் ஏறிவிட்டது. "நான் செத்தா ஃபிளெக்ஸ் வைக்கிறவன் என் கட்சிக்காரனே இல்ல" என்று ஊரறியச் சொல்லிவைத்த மனிதருக்கு மூன்று ஃபிளெக்ஸ். அழ வந்தவள் வாசலிலேயே சிரித்துவிட்டேன்.

முன்னாள் எம்.எல்.ஏ. துளசிராமை உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வீட்டில் சௌராஷ்டிரம், மேடையில் சுத்தமான தமிழ். மூன்று முறை நின்று ஒரே ஒரு முறை ஜெயித்தவர். பழமையில் ஊறிய ஆள். நானோ ஆசிரியர் சங்கக்காரி. பள்ளியில் மாணவர் தேர்தல் வேண்டும் என்பேன். முதலில் வகுப்பைக் கூட்டிப் பெருக்கட்டும், அப்புறம் ஓட்டுப் போடட்டும் என்பார். எதற்கும் அரசாங்கம்தான் வர வேண்டும் என்று நான் ஆரம்பித்தால் அவருக்குப் பொறுக்காது. "வெள்ளைக்காரன் எதுக்குப் போனான் டீச்சர்? அவன் நாற்காலில நம்மாள உக்கார வச்சு, அவர்ட்டயும் மனுக் குடுத்துக்கிட்டு நிக்கவா?" என்பார். பள்ளிக்கூடம் டெல்லிக்கும் சொந்தமில்லை, சென்னைக்கும் சொந்தமில்லை. பிள்ளையை அனுப்புகிற ஊருக்குச் சொந்தம். இது அவருடைய வேதவாக்கு. ஊர் என்றால் மேலத்தெருவா, கீழத்தெருவா என்று நான் கேட்பேன்.

ஒருமுறை நான் வசமாக மாட்டிக்கொண்டேன். எங்கள் ஊர்க் கிராம சபையில் ஒரு வழக்கம் இருந்தது. நோட்டின் வெற்றுப் பக்கத்தில் முதலில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்வார்கள். டீயைக் குடித்தோமா, கையெழுத்தைப் போட்டோமா, கிளம்பினோமா என்றுதான் எல்லோரும் இருந்தோம், நானும் சேர்த்து. இரண்டு வாரம் கழித்து விஷயம் தெரிந்தது. பள்ளி மைதானத்தில் பாதியை மாட்டுச்சந்தைக் கொட்டகைக்கு விட ஊர் ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது. முதல் கையெழுத்து, பச்சை மையில், என்னுடையது. எங்கள் பெண்பிள்ளைகள் கபடி ஆட அந்த மைதானத்தை விட்டால் வேறு இடம் கிடையாது.

கோச்சடைக்கு ஓடினேன். "மேலிடத்துக்கு ஒரு போன் போடுங்கண்ணே" என்றேன். பதவி போயிருந்தாலும் அவர் பேச்சுக்கு மதிப்பு இருந்தது.

"போட்டா மைதானம் கிடைக்கும். நாளைக்கு இன்னொருத்தன் போன் போட்டா போயிரும். ஊரக் கூட்டி மாத்துங்க."

"கூப்பிட்டா யாரும் வர மாட்டாங்கண்ணே."

"அப்பப் போகட்டும்."

கொடுத்த காபியைத் தொடாமல் எழுந்து வந்தேன். வழியெல்லாம் அவரைத் திட்டினேன்.

வேறு வழியில்லை. முத்துப்பேச்சியும் நானும் மூன்று வாரம் வீடு வீடாக ஏறி இறங்கினோம். தீர்மானத்தின் நகலைப் பிள்ளைகளே வீட்டில் உரக்க வாசித்துக் காட்டினார்கள். "இம்புட்டும் எழுதியிருக்கா? கையெழுத்து டீ குடிச்சதுக்குன்னுல்ல நெனச்சேன்" என்றார் ஒரு பெரியவர். சிறப்புக் கூட்டத்துக்கு மேலத்தெருவும் வந்தது, கீழத்தெருவும் வந்தது. அண்ணன் டவுன் பஸ்ஸில் வந்திறங்கிக் கடைசியில் உட்கார்ந்தார்.

பழைய தீர்மானம் ரத்தானது. சந்தோஷத்தில் பேனாவைத் திறந்தேன். "வாசிச்சுட்டுப் போடுங்க டீச்சர்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வெளியூர்க்காரர் என்று அதுவரை ஒதுங்கியிருந்த அண்ணன்தான். ஊருக்கு முன்னால் நின்று வாசித்தேன். நடுவில் ஒரு வரி: 'தலைமை ஆசிரியை முதற்கொண்டு நாங்கள் எல்லோரும் வாசிக்காமல் ஒப்பமிட்டது தவறு.' யார் சேர்த்தது என்று நிமிர்ந்தேன்.

"நாந்தான் டீச்சர் எழுதச் சொன்னேன்" என்றாள் முத்துப்பேச்சி. "உண்மைதான?"

எனக்குக் கீழே வேலை பார்ப்பவள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடைசி வரிசையில் அண்ணன் வேட்டி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கையெழுத்துப் போட்டேன். பஸ் ஏற்றிவிடப் போனபோது, "சுயராஜ்யம் கொஞ்சம் கசக்கும் டீச்சர், போகப் போகப் பழகிரும்" என்றார்.

அவர் அரசியலில் பாதியை நான் இன்றும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் இருந்தால் இந்த வரிக்கே ஒரு மணி நேரம் சண்டை பிடிப்பார். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது ஒரு வெட்கம். மக்கள், மக்கள் என்று முப்பது வருஷம் மேடையில் தொண்டை கிழியக் கத்தியவள் நான். ஆபத்து வந்தபோது ஒரு பெரிய மனிதரின் போனைத் தேடி ஓடினேன். ஊரைக் கூப்பிட்டால் முத்துப்பேச்சி மாதிரி ஆட்கள் வருவார்கள் என்று நம்பியவர் அவர்.