ரெண்டு கை கடலை

நானும் என் நாத்தனாரும் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மாடியில் இட்லிப் பொடி அரைத்து விற்கிறோம். முதன்முறையாக அது கப்பலேறி ஜெர்மனிக்குப் போன அடுத்த மாதம், ஏற்றுமதி செய்துகொடுத்தவர் போனில் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஒங்க பொடில நிலக்கடலை இருக்கா?"

"இல்லையே சார். உளுந்து, எள்ளு, மிளகாய், பெருங்காயம். லேபிள்லயே போட்டிருக்கமே."

"அங்க லேப்ல கடலை இருக்குன்னு வந்திருக்கு. துறைமுகத்துலயே சரக்க நிப்பாட்டிட்டாங்க. அதே பேட்ச இங்க கடைகளுக்குக் குடுத்திருந்தா அதையும் திரும்ப வாங்கிருங்க."

திரும்பிப் பார்த்தேன். நாத்தனார் மிளகாய்க் காம்பு கிள்ளுவதை நிறுத்தியிருந்தாள்.

"ரெண்டு கை போட்டேன் மதினி," என்றாள். "ருசிக்கு."

கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்குத் துளி உள்ளே போனாலும் மூச்சு நின்றுவிடலாம் என்று போனில் அவர் விளக்கினார். அங்கே யாராவது சாப்பிட்டுவிட்டார்களா என்று கேட்டேன். ஒரு பொட்டலம்கூட கடைக்குப் போகவில்லை என்றார். உடம்பே லேசாகி, தரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினேன். அவளுக்கும் தொற்றிக்கொண்டது.

"எங்கண்ணன் தெனம் இதத்தான் சாப்டுறாரு, கண்டுபிடிக்கல. ஜெர்மனிக்காரன் கண்டுபிடிச்சிட்டான் பாருங்க."

உடனே ஸ்கூட்டரில் சாக்குப் பைகளோடு கிளம்பினோம். பாதி வழியில் அவள் மறுபடி சிரிக்க, வண்டியே ஆடியது.

"பொடி கெட்டுப்போச்சாத்தா?" என்றார் ஒரு கடைக்காரர்.

"கெடலண்ணே. கடலை போட்டதை எழுதாம விட்டுட்டோம்."

"அதுக்கா இம்புட்டு ஓட்டம்?"

காரணத்தைச் சொன்னதும் இருந்த பொட்டலங்களை எடுத்துக் கொடுத்தார். மதியத்துக்குள் ஒரு பொட்டலத்தைத் தவிர எல்லாம் வந்து சேர்ந்தன. அந்த ஒன்றை நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் மல்லிகை விற்கும் ஒரு அக்கா வாங்கிப் போயிருந்தார். அங்கே போய்ச் சேர்ந்தபோது, பூக்கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து எங்கள் பொடியைத்தான் இட்லிக்குத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒங்களுக்குக் கடலை ஒத்துக்குமா?" என்று மூச்சிரைக்கக் கேட்டேன்.

"கடலைக் காட்டுல பொறந்தவ நான். எனக்கென்ன?"

"வீட்டுல பிள்ளைகளுக்கு?"

"அதுக கடலையத் தின்னுக்கிட்டேதான் பள்ளிக்கூடம் போகுதுக."

"இருந்தாலும் மிச்சத்தைத் திருப்பித் தரணுங்கக்கா. துட்டத் தந்துர்றோம்."

"இன்னும் மூணு இட்லி இருக்கேத்தா. செத்த நேரம் உக்காருங்க."

உட்கார்ந்தோம். மூன்றாவது இட்லி முடிந்ததும் பொட்டலத்தை உதறிக் காட்டி, வெறும் கவரைத் தந்தார். பணத்தை வாங்க மறுத்துவிட்டு, எங்கள் தலையில் ஆளுக்கு ஒரு முழம் பூவை வைத்துவிட்டார்.

திரும்பப் பெற்றவற்றின் பட்டியலில் கடைசி வரியாக, 'வாங்கியவர் சாப்பிட்டுவிட்டார், நலமாக இருக்கிறார்' என்று எழுதி அனுப்பினேன். இப்படியொரு வரியைத் தான் எங்கேயும் படித்ததில்லை என்றார் ஏற்றுமதிக்காரர். ஜெர்மனியில் பொடி வாங்குபவரும் கடிதம் எழுதியிருந்தார். அந்தக் கடலைப் பொடியே வேண்டுமாம், லேபிளில் மட்டும் கடலையைத் தடித்த எழுத்தில் போட வேண்டுமாம்.

இப்போதெல்லாம் நாத்தனார் எதைப் போட்டாலும் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் போடுகிறாள். நான் எழுதிக்கொள்கிறேன். போன வாரம் கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று, "பெருங்காயத்த இன்னும் சொல்லலையேம்மா," என்று குரல் கொடுத்தார்.