தூக்குச்சட்டி அளவு நிழல்

இப்போதெல்லாம் கல்யாணத்துக்குப் போனால் தேங்காய்ப் பைக்குப் பதிலாக மரக்கன்று கொடுத்து அனுப்புகிறார்கள். நல்ல பழக்கம்தான், யார் இல்லை என்றது? ஆனால் சென்னையில் மூன்றாம் மாடியில் குடியிருப்பவன் புங்கங்கன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? சில நாள் பாத்ரூம் ஜன்னலில் வைத்துக் காப்பாற்றிவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேனிடம் கெஞ்சிக் கூத்தாடி, காம்பவுண்டு ஓரமாகக் குழி தோண்டி நட்டேன். மண்ணைத் தள்ளி மூடியதுதான் தாமதம், என் கால்கள் இரண்டும் என்னைக் கேட்காமலே வேலையை ஆரம்பித்துவிட்டன. கன்றைச் சுற்றித் தொம் தொம்மென்று மிதிக்கிறேன்.

"இன்னாங்க அது, கரப்பானா?" என்றாள், பக்கத்தில் தண்ணீர் பக்கெட்டோடு நின்ற என் மனைவி.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இத்தனை வருஷமாகியும் கால் மறக்கவில்லை பாருங்கள். அவளுக்கு எங்கே தெரியும், இது மரக்காணத்துக் கால்.

எங்கள் ஊரில் உப்பளக் குடும்பத்துப் பிள்ளை நடக்கக் கற்றுக்கொண்டதும் அடுத்ததாகக் கற்றுக்கொள்வது மிதிக்க. தை பிறந்ததும், பாத்தியில் தேங்கிய மழைத்தண்ணீரை இறைத்துவிட்டு, அடிமண்ணைக் காலாலேயே மிதித்து இறுக்குவார்கள். வரிசையாக நின்று, கால் மாற்றிக் கால். மிதி சரியில்லை என்றால் விட்ட தண்ணீர் பூமிக்குள் இறங்கிவிடும், உப்பு விளையாது. ஒழுங்காக மிதித்த பாத்தி சிமெண்ட் தரை மாதிரி இருக்கும். அந்தச் சேற்றுக்கு ஒரு வாசனை உண்டு. அவித்த முட்டையும் கருவாடும் கலந்தாற்போல. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு அது பள்ளிக்கூட லீவு வாசனை.

நான் சொல்ல வந்தது சுனாமி அலை வந்து போனதற்கு அடுத்த வருஷத்துக் கதை. அப்போது நான் பஜாரில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்தேன். கண்ணாடிக் கூண்டு, ஃபேன், நாற்காலி. உப்பளத்திலிருந்து தப்பித்துவிட்டேன் என்று எனக்குள் கொஞ்சம் மிதப்புகூட இருந்தது. அந்த வருஷம் கடற்கரையில் எங்கே பார்த்தாலும் செடி நடுகிறவர்கள். பனியன், தொப்பி, பேனர் என்று வேன் வேனாக வந்து சவுக்கு நட்டார்கள். நாங்களும் நடலாம் என்று கிளம்பினால், மணலில் ஒரு முழ இடம்கூட மிஞ்சவில்லை. எங்களுக்கு பேனரும் இல்லை, பேரும் இல்லை. ஏழுமலை இருந்தான், அவ்வளவுதான். அவன் ஆரோவில்லில் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்தான். வாயைத் திறந்தால், "எங்க வெள்ளக்காரம்மா இன்னா சொல்வாங்கன்னா..." என்றுதான் ஆரம்பிப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் எதிர்த்துப் பேசாமல் அவன் பின்னால் போக நாங்கள் ஏழெட்டுப் பேர், முக்கால்வாசி உப்பளத்து ஆட்கள்.

கடல் பக்கம் இடமில்லாததால், அளத்துக்குள் போகும் வண்டிப் பாதையின் ஓரக்கரையில் நடலாம் என்று யோசனை சொன்னது கஸ்தூரி அக்கா. உப்புக் கூடை சுமக்கிறவர். ஆள் ஒல்லி, குரல் மட்டும் லவுட் ஸ்பீக்கர். உப்பளத்தை நீங்கள் ரோட்டிலிருந்து பார்த்திருப்பீர்கள், போட்டோகூட எடுத்திருப்பீர்கள். உள்ளே நிழல் என்ற பேச்சே கிடையாது. கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை, மேலே வெயில், கீழேயும் வெயில். மத்தியானம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, மடிக்குள் மறைத்து வைத்துச் சாப்பிட வேண்டும்.

"காலைல கொண்டாந்த சோறு மத்தியானம் தொறந்தா நொரைக்குதுடா. எனக்கு சுற்றுச்சூழல் அது இதுல்லாம் தெரியாது. ஒக்காந்து சோறு துன்ன ஒரு நெழலு வேணும். அவ்ளோதான்" என்றார் அக்கா. எந்த மேடையிலும் இதைவிட நல்ல பேச்சை நான் கேட்டதில்லை.

கரை, குத்தகைக்காரர் தாமோதரன் மொதலாளி வசம் இருந்தது. டி.வி.எஸ். வண்டியில் வந்து இறங்கியவர், ஏழுமலையின் வெள்ளக்காரம்மா புராணத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தை வரைக்கும் டைம். அதுக்குள்ள பச்சை தெரிஞ்சா கரை ஒங்களுது. இல்லன்னா வெட்டி பாத்தியில சேத்துடுவேன், அப்பறம் கேக்கக் கூடாது" என்றார்.

ஆவணியில் நட்டோம். புங்கன், பூவரசு, வேம்பு. ஏழுமலை டீ வாங்கப் போயிருந்த நேரத்தில் மண்ணை மூடினோம். கஸ்தூரி அக்கா முதல் கன்றைச் சுற்றிக் காலை வைத்தார். பக்கத்தில் நான். எனக்குப் பக்கத்தில் இன்னும் நாலு பேர். எவனும் சொல்லவில்லை, கால்கள் தாமாகவே சேர்ந்துகொண்டன. கன்றைச் சுற்றிக் கிண்ணம் மாதிரி குழித்து, மிதித்து, வழவழவென்று ஆக்கிவிட்டோம். டீயோடு வந்த ஏழுமலையே அசந்துபோனான். அவனும் அளத்துக்காரன் மகன்தானே! "சூப்பர்டா, இன்னா ஃபினிஷிங்!" என்றான்.

நாலு மழை பெய்தது. கிண்ணங்களில் நின்ற தண்ணீரில் கரைமண்ணின் உப்பு ஊறியது. சொட்டு இறங்கவில்லை. பிறகு வெயில் காய்ந்தது. அடுத்த ஞாயிறுகளில் ஒருநாள் போய்ப் பார்த்தால், வாடித் தொங்கும் ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் பளபளவென்று வெள்ளை வட்டம். ஆமாம் ஐயா, உப்பு. ஊரில் எல்லோரும் செடி நட்டார்கள், செடி வந்தது. நாங்கள் செடி நட்டோம், உப்பு விளைந்தது.

மொதலாளி வண்டியை நிறுத்தி, குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். "உப்பு ஏ ஒன்னா இருக்குதுபா. பேசாம இதையே பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கஸ்தூரி அக்கா சிரிக்கவில்லை. கரையில் உட்கார்ந்து தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங் காலே எனக்கு எதிரிடா" என்றார். லவுட் ஸ்பீக்கர் அன்றைக்குக் கேட்கவே இல்லை.

விடுவதாயில்லை. ஐப்பசியில் மறுபடி ஆரம்பித்தோம். ஏழுமலையின் மச்சான் பக்கத்து ஊரான பிரம்மதேசத்திலிருந்து டிராக்டரில் வயல்மண்ணும் எருவும் கொண்டுவந்து கொட்டினார். இந்தத் தடவை குழி இல்லை, மேடு. தண்ணீர் வழிந்து ஓடும்போது உப்பையும் கழுவிக்கொண்டு போகட்டும் என்று. முக்கியமான சட்டம் ஒன்றும் போட்டோம்: உப்பளத்தில் மிதித்த கால் எதுவும் மேட்டுக்குப் பக்கத்தில் வரக்கூடாது. மண் சுமக்கலாம், தண்ணீர் ஊற்றலாம், அவ்வளவே. நடுவதற்கு பஜாரிலிருந்து டெய்லர் பாஸ்கரையும் என் பூத் ஓனரையும் இழுத்து வந்தோம். ஓனர் வாழ்க்கையில் சேற்றில் கால் வைக்காதவர். அந்தத் தகுதிக்காகவே அன்றைக்கு அவருக்கு ஏக மரியாதை.

"ஏம்பா, ஒண்ணே ஒண்ணு நான் நடறேன்பா" என்று அக்கா நச்சரித்தார். கடைசியில், சம்மணம் போட்டு உட்கார்ந்து, புடவையைக் காலுக்குமேல் இழுத்து மூடிக்கொண்டு, "தோ பாத்துக்கோ, எனக்குக் காலே இல்ல" என்று காட்டிவிட்டு, ஒரு பூவரசங்கொம்பைக் கையாலேயே நட்டார். குழந்தைக்குப் போர்வை போர்த்துகிற மாதிரி மண்ணை அணைத்தார்.

தை வந்தது. மொதலாளியும் வந்தார். சிலது பட்டுப்போயிருந்தது, சிலது பிழைத்திருந்தது, எதுவும் முழங்காலைத் தாண்டவில்லை. "எங்கடா பச்சை?" என்று டி.வி.எஸ்.ஸில் உட்கார்ந்தபடியே கேட்டார். கஸ்தூரி அக்கா விறுவிறுவென்று போய், தன் தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து அந்தப் பூவரசின் அடியில் வைத்தார். ஏழெட்டு இலைதான். அந்த நிழல் சட்டியின் மூடிக்குச் சரியாக இருந்தது. அக்கா நகர்ந்துபோய் வெயிலில் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னாம்மா இது, சட்டிக்குத்தானே நெழலு? நீ வெயில்ல ஒக்காந்துனு கீறியே?" என்றார் மொதலாளி.

"மொதல்ல சோறு கெடாம இருக்கட்டுங்க. நான் அப்பறமா வந்து சேந்துக்கறேன்."

மொதலாளி இறங்கி வந்து சட்டியின் மூடியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வண்டியை உதைத்தார். "மிதிச்சி கிதிச்சி தொலைக்காதீங்க" என்றதோடு சரி. கரை எங்களுக்கு.

அந்த வருஷக் கடைசியில் நான் சென்னைக்கு வந்துவிட்டேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். ஒரு தடவை, அக்காவின் மடி வரை நிழல். அடுத்த தடவை, தலைக்கு நிழல், நீட்டிய கால் வெயிலில். "காலுக்கு இன்னாடா, அதுக்குப் பழக்கம்தான்" என்று சிரித்தார். அப்புறம் கண் மங்கி, வேலைக்குப் போவதை நிறுத்தினார். போன மாசியில் போய்ச் சேர்ந்தார். காரியத்துக்குப் போன நான், திரும்பும்போது அளத்துப் பக்கம் நடந்தேன்.

பூவரசு எப்படிப் பரந்திருக்கிறது என்கிறீர்கள்! அடியில் நாலு பைக், வரிசையாக டிபன் பாக்ஸ், ஆளுக்கொரு செல்போன். "யார் வெச்ச மரம்பா?" என்று ஒரு பையனைக் கேட்டேன். "யாரும் வெக்கல சார், இது தானா மொளைச்சது" என்றான். திருத்தலாமா என்று நினைத்து, விட்டுவிட்டேன். அவன் சோறு கெடவில்லை, அது போதும்.

தூக்கை நிழலில் வைத்துவிட்டு அக்கா வெயிலில் உட்கார்ந்திருந்த இடம் எது என்று தேடிப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அங்கே வெயிலே இல்லை.