மாஸ்டரின் நாக்கும் ஒரு டப்பா மாத்திரையும்

அந்த பேக்கரியில் தராசு இல்லாமல் இல்லை. மாவை நிறுப்பார்கள், வெண்ணெயை நிறுப்பார்கள். கேக்கின் மேல் பூசும் க்ரீமுக்கு மட்டும் தராசு கிடையாது. அதில் சர்க்கரை எவ்வளவு என்று மாஸ்டரின் நாக்குதான் தீர்ப்புச் சொல்லும். மெஷினை நிறுத்துவார், கரண்டி நுனியில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைப்பார், கண்ணை மூடுவார், பொடித்த சர்க்கரையில் இன்னொரு பிடி அள்ளிப் போடுவார். "போதும்" என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. கல்யாணமான புதிதில் அவர் மனைவி ஆசையாக ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனாள். "ருசி பாக்கற வேலை இங்க எனக்கு மட்டும்தான்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார். அன்றைக்குக் கல்லாவில் போய் உட்கார்ந்தவள்தான். கல்யாணம் ஆனது தன்னோடா அந்த நாக்கோடா என்று பல தடவை யோசித்திருக்கிறாள்.

மாஸ்டருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நாளெல்லாம் க்ரீமையும் வெண்ணெயையும் கட்டிக்கொண்டு அழுகிற மனிதருக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார், சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். மூன்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்ட மாஸ்டர், வரும் வழியில் மருந்துக் கடையில் நாலாவதாக ஒன்றை வாங்கினார். தித்திப்பு மாத்திரை. சட்டைப் பையில் அடங்குகிற பிளாஸ்டிக் டப்பா. தலையில் அழுத்தினால் 'டக்'கென்று பொட்டு மாதிரி ஒரு வெள்ளை மாத்திரை டீயில் விழும்.

அந்த 'டக்' சத்தம் மனைவியின் உயிரை வாங்கியது. முதலில் ஒரு டீக்கு ஒரு 'டக்'. பிறகு இரண்டு. அப்புறம் அவர் எண்ணுவதையே விட்டுவிட்டார். சரி, டீயோடு போய்த் தொலையட்டும் என்றால், அந்த டப்பா அவருக்கு ஒரு புதுக் கணக்கைக் கற்றுக் கொடுத்திருந்தது. டீயில் சர்க்கரை போடாததால் மிச்சமானதைப் பன்னாகச் சாப்பிடலாம். சர்க்கரையே உள்ளே போகாதபோது டாக்டர் கொடுத்த மாத்திரை ஒரு வேளை தவறினால் என்ன?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். அந்த சுகர் ஃப்ரீ பிஸ்கட்டைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. பாக்கெட் பாக்கெட்டாக வெளியிலிருந்து வாங்கி வந்து, தன் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று தின்றார்.

"ஏங்க, நீங்களே பிஸ்கட் சுடற ஆளு. அது என்ன காத்துலயா செஞ்சிருக்கான்? மாவும் கொழுப்பும்தானே?"

"சுகர் ஃப்ரீன்னு போட்டிருக்கான் பாரு."

"போட்டிருக்கான், போட்டிருக்கான்! உங்க வயித்துக்குள்ள போற மாவுக்குப் படிக்கத் தெரியுமா?"

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று சொல்லி அடுத்த பாக்கெட்டைப் பிரித்தார். அவள் தலையில் அடித்துக்கொண்டு கல்லாவுக்குத் திரும்பினாள்.

இந்த நிலையில்தான் கேக்குகள் திரும்பி வர ஆரம்பித்தன. முதலில் வந்தவள் வாடிக்கைக்கார டீச்சர் ஒருத்தி. வருஷக்கணக்காக அந்த வீட்டுப் பிறந்தநாள் கேக் எல்லாம் இங்கேதான். பெட்டியைத் திறந்து காட்டினாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரே தித்திப்பு. குழந்தைங்களே க்ரீமை வழிச்சு ஓரத்துல வச்சுட்டாங்க." அப்புறம் இன்னும் சிலர் வந்தார்கள். வராதவர்கள் எதிரே புதிதாகத் திறந்த கடைக்குப் போனார்கள். அவர்கள் போவது கல்லாவிலிருந்து நன்றாகத் தெரிந்தது.

மாஸ்டரிடம் சொன்னால் ஏற வேண்டுமே! "இப்ப இருக்கறவங்களுக்கு நாக்கு செத்துப்போச்சு. நான் என்ன பண்ண?" க்ரீமுக்கும் தராசு வைக்கலாமா என்று கேட்டதற்கு அன்று மத்தியானம் அவர் சாப்பிடவே இல்லை. பிஸ்கட் மட்டும் தின்றார்.

மறுபடி ரத்தப் பரிசோதனை செய்தபோது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி இறங்கவில்லை, ஏறியிருந்தது. மாஸ்டர் டப்பாவை எடுத்து டாக்டரம்மா மேஜையில் சாட்சி மாதிரி வைத்தார்.

"இது மருந்து இல்லீங்க" என்றார் டாக்டரம்மா. "சர்க்கரைக்குப் பதிலா போட்டுக்கற தித்திப்பு, அவ்வளவுதான். இதைப் போட்டுக்கிட்டு பன்னும் பிஸ்கட்டும் சாப்பிட்டா சர்க்கரை எப்படி இறங்கும்? இதுவே ரொம்ப நாள்ல உடம்புக்கு என்ன பண்ணும்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க, ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஆனா சர்க்கரையைவிடப் பல மடங்கு தித்திப்பு. இத்தனை போட்டா சிலருக்கு நாக்கு அதுக்கே பழகிடும். மத்த இனிப்பெல்லாம் சப்புன்னு ஆயிடும். சர்க்கரை நோய்லயே சிலருக்கு ருசி மந்தமாகறதும் உண்டு."

கூடப் போயிருந்த மனைவிக்குச் சுருக்கென்றது. திரும்பி வந்த பெட்டிகள் எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் நின்றன.

தெரு முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள். "ஊர்ல உள்ளவங்க நாக்கா செத்துப்போச்சு? கடையையே காவு கொடுத்துட்டு வீம்பா நிக்கறீங்களே!" மாஸ்டர் கடைக்கு வந்ததும் டீ போட்டார். 'டக்', 'டக்', 'டக்'. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டப்பாவை அடுப்பில் எறிந்திருப்பாள். டீச்சர் மட்டும் அப்போது உள்ளே வராமல் இருந்திருந்தால்.

மறுநாள் டீச்சரின் மகளுக்குப் பிறந்தநாள். "பழக்கத்துக்காக இன்னொரு தடவை கேக்கறேன் அக்கா. இதுவும் அப்படியே இருந்துச்சுன்னா எதிர்க் கடைக்குப் போயிடுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

மறுநாள் காலையில் அவள் கல்லாவில் உட்காரவில்லை. அடுக்களை வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள். இன்றைக்கு ஒரு பிடி கூடினாலும் சட்டியைக் கவிழ்த்துவிடுவது என்ற முடிவோடுதான் நின்றாள். மாஸ்டர் மெஷினை நிறுத்தினார். ஒரு துளி நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். கை சர்க்கரைக்குப் போனது. அவள் வாயைத் திறந்தாள்.

கை பாதியில் நின்றது. மாஸ்டர் இன்னொரு துளி ருசி பார்த்தார். பிறகு வேறொரு கரண்டியை எடுத்து, க்ரீமில் தொட்டு, அவளிடம் நீட்டினார்.

"நீ பாரு."

தன்னைக் கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தாள். வெடுக்கென்று வாங்கி வாயில் வைத்தாள். கச்சிதமாக இருந்தது. அந்தக் கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அதே தித்திப்பு.

"போதும்" என்றாள்.

"நல்லா பாத்துச் சொல்லு."

"அதான் போதும்கறேனே! எத்தனை தடவை சொல்றது?"

"எனக்கு வெறும் வெண்ணெயாத்தான் இருக்கு" என்றார் மாஸ்டர். "கொஞ்ச நாளாவே அப்படித்தான்."

அவள் கரண்டியை மேஜையில் வைத்தாள். வீம்பு என்று நினைத்து இத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறாள். மனிதர் நாக்கு போய்விட்டதே என்ற பயத்தில் அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறார்.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன?"

மாஸ்டர் க்ரீமை எடுத்துக் கேக்கின் மேல் பூச ஆரம்பித்தார். மறுபடி அதை ருசி பார்க்கவில்லை.