ராகிக் குழிக்கு நல்ல நாள்

இறங்கிவிட்டால் எந்த வேலையும் எளிதாகிவிடும் என்று சொல்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அவர்களில் ஒருவர்கூட மழைத் தண்ணீர் புகுந்த ராகிக் குழிக்குள் இறங்கியிருக்க மாட்டார்.

1950களில் அஞ்செட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டேன். அங்கே அடித்த ராகியைக் களத்தோரம் வெட்டிய ஆழமான குழியில் கொட்டி, வாயைக் கல்லால் மூடி மண் பூசிவிடுவோம். ஒரு வருஷம் பாதிக் குழி தீர்ந்திருந்தது. ஆனி மழையில் பூச்சு வெடித்துத் தண்ணீர் இறங்கியது. கல்லருகே போனாலே புளித்த நாற்றம். நனைந்ததை உடனே வாரிப் போட்டால்தான் மீதி தப்பும். அடுத்த அறுவடைவரை எங்கள் களி அதற்குள்தான் இருந்தது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"ஆடிப் பதினெட்டு போவட்டும். வெயிலு வந்தா மனசும் வரும்," என்றார் மாமனார். என் வீட்டுக்காரரும் தலையாட்டினார்.

இன்று குமட்டுகிற குழி அன்று மட்டும் மணக்குமா? ஆடி கழிந்ததும் வேறு இரண்டு ஆண்கள் ஆசை ஆசையாக வந்து இறங்கப் போவதுபோல் இருந்தது அவர்கள் பேச்சு. வரப்போவதும் இதே இரண்டு பேர்தானே! ஆத்திரத்தில் கடப்பாரையை எடுத்துக் கல்லை நெம்பினேன்.

"பொம்பளை குழியில எறங்கறதா? ஊரு என்னம்மா சொல்லும்?"

"ஊரு வந்து களி கிண்டிப் போடுமா மாமா?"

கயிற்றில் கட்டி இறக்கிய விளக்கு அன்று அணைந்துவிட்டது. கெட்ட காற்று போகட்டும் என்று திறந்தே வைத்தோம். மறுநாள் காலை விளக்கு நின்று எரிந்தது. இடுப்பில் கயிறு கட்டி இறங்கினேன். மறுமுனையைப் பிடிக்க வீட்டுக்காரர் வந்தார், அதுவரைக்கும் நல்லது. ஒரு பக்கத்து ராகி முளைத்து, அழுகி, கையில் சூடாகப் பிசுபிசுத்தது. வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு கூடையை நிரப்பினேன்.

மேலிருந்து அவர் கேட்டார்: "நெனச்ச அளவுக்கு இல்லல்ல?"

"நெனச்சத விட மோசம். எறங்கிப் பாருங்க!"

மறுபக்கத்தில் நல்ல ராகி நிறையவே தப்பியது. அதைக் களத்தில் காயவைத்தோம். அன்றிரவு களி உருண்டையைக் கையில் எடுத்தபோதும் அந்த நாற்றம் விரலில் இருந்தது. மாமனார் மட்டும் ரசித்துச் சாப்பிட்டார்.

அடுத்த மழைக்கும் குழியில் ஈரம் கண்டது. "உனக்குத்தான் பழகிப்போச்சே," என்றார் என் வீட்டுக்காரர்.

"பழகல. புடிக்கவும் இல்ல, இனிமே புடிக்கவும் புடிக்காது," என்று கயிற்றை எடுத்து அவர் இடுப்பில் கட்டினேன்.