இழுப்புக்குக் கொடுத்த பம்ப்

அறுபதுகளின் நடுவில் இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்தேன். ஊர் யாழ்ப்பாணம். தோட்டத்தில் என்னை டாக்டரய்யா என்றார்கள். நான் டாக்டர் இல்லை; ஆனாலும் திருத்தவில்லை.

தோட்டத்தை நடத்திய துரையின் மனைவிக்கு இழுப்பு நோய், ஆஸ்துமா. வாயில் வைத்து அழுத்தும் மருந்துப் பம்ப் அவருக்குச் சீமையிலிருந்து வரும். மிஞ்சிய ஒன்றை டிஸ்பென்சரிக்குத் தந்தார். கொழுந்து பறிக்கும் ராமாயியின் எட்டு வயது மகள் பாக்கியத்துக்கும் அதே நோய். பம்பை ராமாயியிடம் கொடுத்தேன்.

“முட்டு வந்தா வாயில வச்சு ஒருக்கா அமத்துங்கோ. பிள்ளை மூச்சை உள்ளுக்கு இழுக்கவேணும்” என்றேன். அவர் செய்து காட்டினார். எனக்குத் திருப்தி.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். மூச்சுக்கு மூச்சு விலா எலும்புகளுக்கிடையே சதை உள்ளே போனது. பிள்ளையிடம் பெயரைக் கேட்டேன். “பாக்…” என்று நின்றுவிட்டாள். நாடி எண்ண முடியாத வேகத்தில் ஓடியது.

“எத்தினை தரம் அடிச்சனீங்கள்?”

“காலையில இருந்து அடிக்கிறேங்கய்யா. அடிச்சா செத்த நேரம் நல்லாருக்கு, மறுபடி இழுக்குது. அதான் விடாம அடிச்சேங்க.”

வழக்கமாகப் போடும் அட்ரினலின் ஊசியை எடுத்தேன். அதைப்போலவே பம்ப் மருந்தும் நெஞ்சை வேகமாக அடிக்க வைப்பது. இரண்டும் சேர்ந்தால் இதயம் தாங்குமா என்று பயந்து திருப்பி வைத்தேன். வெளியே கொழுந்து லொறி நின்றது.

“டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்” என்றேன்.

“லொறி நெறயக் கொழுந்து இருக்குதுங்களே” என்றார் டிரைவர்.

“இறக்குங்கோ.”

“எங்கங்க?”

“ரோட்டில.”

பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்து, நரம்பில் மருந்து ஏற்றினார்கள். சாயங்காலம் பாக்கியம் தண்ணீர் கேட்டாள்.

அங்கிருந்த டாக்டர், பம்பைக் கொடுத்தது யார் என்று கேட்டார். நான் என்றேன்.

“மருந்துக்குக் கேக்காட்டி என்ன செய்யச் சொன்னீங்க?”

“ஒண்டும் சொல்லேல்லை.”

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ரோட்டில் கிடந்த கொழுந்துக்குத் தோட்ட ஆபீஸ்தான் விளக்கம் கேட்டது. எழுதிக் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் ராமாயி பிள்ளையோடு டிஸ்பென்சரிக்கு வந்தார். சொல்லாமல் விட்டதை அன்றுதான் சொன்னேன்: மருந்து அடித்தும் இழுப்பு நிற்காவிட்டால், நின்றது சீக்கிரமே திரும்பி வந்தால், வீட்டில் காத்திருக்கக் கூடாது, உடனே வரவேண்டும்.

“இத அன்னிக்கே சொல்லிருந்தா, காலையிலயே வந்திருப்பேங்களே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

பிறகு நான் பம்ப் கொடுத்த ஒவ்வொரு தாயிடமும், எப்படி அடிப்பது என்று கேட்பதற்கு முன், எப்போது ஓடிவருவீர்கள் என்று கேட்டேன். பதில் வந்த பிறகுதான் கொடுத்தேன்.