முதலாளியம்மாவின் நான்கு ஆட்கள்

மாலை நான்கு இருபதுக்குப் போன் வந்தது. அலுவலகத்தில் அப்போதுதான் தேநீர் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அத்தையின் கடைக்கு எதிரே இருக்கும் கண்ணாடிக் கடைக்காரர் பேசினார்.

"பாப்பா, முதலாளியம்மா போயிட்டாங்கம்மா. மெஷின் மேல தலைய சாச்சிருந்தாங்க. தூங்குறாங்கன்னு நெனச்சேன்." பிறகு, "கடைய பூட்டல. என் ஸ்டூல எடுத்துட்டு வந்து வாசல்லயே உக்காந்திருக்கேன். நீ பதறாம வா" என்றார்.

ஸ்டூலை அவர் தன் கடையிலிருந்து கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு. அத்தை வீட்டில் உட்கார எதுவும் கிடையாது. அவள் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையோ சோபா தைப்பது.

பழைய சோபாவின் துணியைக் கிழித்தெடுத்து, நசுங்கிய ஃபோமை வீசிவிட்டு, ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டி, புதுத் துணி போர்த்தி ஆணி அடித்துத் தருவாள். முன்னறை கடை, பின்னறை வீடு, நடுவில் ஒரு திரை. அப்பாவும் அம்மாவும் ஒரே விபத்தில் போனபோது நான் முதல் வகுப்பில் இருந்தேன். அப்பாவின் தங்கையான அவள் என்னை அழைத்துவந்து அந்தத் திரைக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். கல்யாணப் பேச்சை எடுப்பவர்களிடம், "நான் போயிட்டா கம்பெனிய யார் பாக்கறது?" என்பாள்.

கம்பெனி என்றால் அவள் ஒருத்திதான். ஆனால் வாடிக்கையாளர்களைப் பொறுத்தவரை அங்கே நான்கு ஆட்கள் வேலை பார்த்தார்கள்: துணி வெட்டும் மாஸ்டர், ஃபோம் ஆள், ஸ்பிரிங் கட்டுகிறவர், ஆணி அடிக்கும் பையன். சோபா சொன்ன தேதிக்கு முடியவில்லையென்றால் மாஸ்டருக்குக் காய்ச்சல் வந்துவிடும். வாடிக்கையாளர் குரலை உயர்த்தினால் அத்தை திரையின் பக்கம் திரும்பி அவரைவிடச் சத்தமாகக் கத்துவாள்.

"ஏய், இன்னும் அந்தக் கைப்பிடி முடியலையா? உனக்கு சம்பளம் கொடுக்கறதுக்கு நான் சும்மா இருந்துக்கலாம்!"

அப்போது பின்னறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும் நான் சுத்தியலால் பலகையில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். எங்களுக்குள் அப்படி ஓர் ஏற்பாடு. ஒருமுறை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "பாவம்மா, அந்தப் பையன இப்படித் திட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அவனுக்கென்று ஒரு முழுக்கைச் சட்டை கொண்டுவந்து கொடுத்தார். கட்டம் போட்ட நல்ல சட்டை. அத்தை அதைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு வேலை செய்தாள், சாகும்வரை.

எதற்கு இந்த நாடகம் என்று கேட்டிருக்கிறேன்.

"ஒத்தப் பொம்பள தைக்கறான்னு தெரிஞ்சா பாதி விலைக்குக் கேப்பான். நாலு பேர் வேலை பாக்கறாங்கன்னா வாய மூடிட்டுக் கொடுப்பான்."

கேட்பவர்கள் நம்பினார்களோ இல்லையோ, தெருவே அவளை முதலாளியம்மா என்றுதான் கூப்பிட்டது. பாதி கிண்டல், பாதி மரியாதை. அவள் இரண்டையும் மரியாதையாகவே எடுத்துக்கொண்டாள்.

கட்டடப் பொறியியல் படிக்க எனக்கு இடம் கிடைத்தபோதுதான் அந்த நால்வரும் எங்கள் கழுத்துக்கே கத்தியாக வந்தார்கள். கட்டணத்தைப் பார்த்த உடனேயே உதவித்தொகை இல்லாமல் முடியாது என்பது தெரிந்துவிட்டது. விண்ணப்பத்தில் மாணவர் பகுதியை நான் நிரப்பினேன். பாதுகாவலர் பகுதியை அத்தை வாங்கிக்கொண்டு, "இது என் பக்கம், நீ எட்டிப் பாக்காத" என்றாள். ஒட்டி அனுப்பியும் விட்டாள்.

சில வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. குடும்ப வருமானம் வரம்புக்கு மேல் இருப்பதால் உதவித்தொகைக்குத் தகுதி இல்லை. மாதக் கடைசிக்குள் முழுக் கட்டணத்தையும் செலுத்தாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். நான் வாசித்துக் காட்டினேன். வருமானம் வரம்புக்கு மேல் என்ற இடத்தில் ஒரு நொடி அவள் முகம் மலர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். அடுத்த வரியில் அது வாடிவிட்டது.

"அத்தை, என்ன எழுதின?"

"உரிமையாளர்னு எழுதினேன். ஆளுங்க நாலு பேர்னு எழுதினேன். நாலு ஆள் வச்சிருக்கற கடைக்கு என்ன வருமோ அத எழுதினேன்."

"எதுக்கு?"

"இல்லாதவங்கன்னு எழுதினா சீட்டு கொடுக்க யோசிப்பாங்கன்னு நெனச்சேன். நல்ல எடத்துப் பொண்ணுன்னு தெரியட்டுமேன்னுதான்."

இல்லாதவர்களுக்குத்தான் உதவித்தொகை என்பதை அவளுக்குப் புரியவைக்க அன்று மாலை முழுதும் ஆயிற்று. கடன் கேட்கப் போகிறவர்கள்கூட நல்ல சட்டை போட்டுக்கொண்டுதான் போவார்கள் என்பது அவள் வாதம்.

மறுநாள் கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனோம். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த அதிகாரி எங்கள் கோப்பைப் புரட்டினார். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அத்தை குரலைத் தாழ்த்திப் பேசி நான் அன்றுதான் கேட்டேன்.

"சார், அந்த நாலு பேர் இல்ல."

"வேலைய விட்டுப் போயிட்டாங்களா?"

"வரவே இல்ல சார்."

"எப்பலேருந்து?"

"எப்பவுமே."

அவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "மறுபரிசீலனைக்கு எழுதிக் கொடுங்க. ஒருநாள் நேர்ல வந்து பாத்துட்டுத்தான் முடிவு சொல்ல முடியும்" என்றார்.

அவர் வருவதாகச் சொன்ன வாரம்தானா ஒரு ஹோட்டலின் வரவேற்பறைச் சோபாக்கள் எல்லாம் எங்களிடம் வந்து சேர வேண்டும்? சிவப்பு வெல்வெட், பொன்னிறக் கால்கள். தைத்து முடித்து முன்னறை முழுக்க அடுக்கியிருந்தாள். அந்த இடத்தைப் பார்த்தால் எனக்கே எங்கள்மேல் பொறாமை வந்திருக்கும்.

"அத்தை, தார்ப்பாய் போட்டு மூடிடலாம்."

"மூடினா திருட்டுப் பொருள் மாதிரி இருக்கும். ஒருதடவ பொய் சொல்லிப் பட்டது போதாதா? இருக்கறது இருக்கட்டும்."

அதிகாரி வந்தார். வாசலிலேயே நின்று வெல்வெட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். நல்ல வெயிலில் நடந்து வந்த மனிதர், நேராக அருகிலிருந்த சோபாவை நோக்கிப் போனார்.

"சார், அதுல மட்டும் உக்காராதீங்க."

அவர் பாதி குனிந்த நிலையில் அப்படியே நின்றார்.

"கஸ்டமரோடது சார். நாங்களே உக்கார மாட்டோம். இவ சின்னப் பிள்ளையா இருந்தப்பகூட ஏறினது கிடையாது." அது உண்மை. எங்கள் வீட்டில் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

"அப்ப நான் எதுல உக்காரட்டும்?"

அத்தை சுற்றிலும் பார்த்தாள். திரையை விலக்கிப் பின்னறைக்குள்ளும் பார்த்தாள். கடைசியில் அடுக்கிவைத்திருந்த ஃபோம் துண்டுகளைத் தட்டிக் காட்டினாள். அவர் உட்கார்ந்ததும் அது அவரை விழுங்கிக்கொண்டது. முழங்கால் முகவாய்க்கு வந்துவிட்டது. அப்படியே கோப்பைப் பிரித்தார்.

"நீங்க எதுல உக்காருவீங்க?"

"தரைல சார். மெஷின் முன்னாடி ஒரு பெட்டி இருக்கு."

"பொண்ணு எதுல உக்காந்து படிக்குது?"

வாடிக்கையாளர் எத்தனை பேர் வந்து கத்தினாலும் அசராத அத்தை சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நீங்க உக்காந்திருக்கீங்களே, அதுல சார்" என்று நான் சொன்னேன்.

அவர் எதையோ எழுதினார். எழ முயன்றார், முடியவில்லை. அத்தை ஒரு கையும் நான் ஒரு கையும் பிடித்துத் தூக்கிவிட்டோம்.

உதவித்தொகை கிடைத்தது. வந்த கடிதத்தில் ஒரு பகுதி திருப்பித் தர வேண்டாத தொகை, மீதி கடன். "உதவின்னு சொல்லிட்டு கடனையும் உள்ள வச்சுத் தச்சிருக்கானே" என்று அலுத்துக்கொண்டே அத்தை கையெழுத்துப் போட்டாள். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கும்போது பணியாளர்கள் என்ற இடத்தில் 'இல்லை' என்று நான் எழுதுவேன். அவள் பேனாவை வாங்கி அதற்கு முன்னால் 'தற்போது' என்று சேர்ப்பாள்.

ஆனால் பணம் கிடைத்த சந்தோஷத்தைவிட அன்று பட்ட வெட்கம்தான் அவளிடம் அதிக நாள் தங்கியது. "சோபாக்காரி வீட்டுக்கு வந்த மனுஷனுக்கு உக்கார ஒரு நாற்காலி இல்ல" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். வேலைக்குப் போன புதிதில் நான் ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னேன். முறைத்தாள்.

"கடை நாற்காலியா? என் மானத்த வாங்கறதுக்குத்தான் உன்னப் படிக்க வச்சேனா?"

ஒரு மரச்சட்டம் மட்டும் வாங்கி வைத்தாள். நல்ல அகலமான, சாய்ந்து உட்காரும் நாற்காலியின் சட்டம். ஆனால் கைக்கு வந்த வேலையெல்லாம் அதற்கு முந்திக்கொண்டது. எப்போது கேட்டாலும், "மாஸ்டர் லீவுல இருக்கான்" என்பாள். வருடக்கணக்கில், வேலை முடிந்து அவள் கழற்றும் தலைமையாசிரியர் கொடுத்த சட்டை அதன்மேல்தான் தொங்கியது.

போன மாதம் நான் போயிருந்தபோது துணிக் கட்டுகளைப் பிரித்துப் போட்டு, நாற்காலிக்கு எந்த நிறம் வேண்டும் என்று கேட்டாள். பச்சையைக் காட்டினேன். "அழுக்குத் தெரியாது, நல்லதுதான்" என்றாள்.

இன்று காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் போன பிறகு கடையைச் சுற்றிப் பார்த்தேன். வாடிக்கையாளர்களுடைய வேலை எதுவும் பாக்கி இல்லை. நாற்காலியில் இருக்கை முடிந்திருக்கிறது, இரண்டு கைப்பிடிகளும் முடிந்திருக்கின்றன. முதுகுப் பக்கத்துப் பச்சைத் துணி மேல் விளிம்பில் மட்டும் ஆணி அடிக்கப்பட்டு, கீழே தொங்குகிறது.