நாற்பது நிமிஷத்து டீம்

கால்பந்துப் பயிற்சியாளருக்குச் சம்பளம் தருவது ஒருவர். யோசனை தருவது ஊர் முழுக்க. பையன்களை வைத்துக்கொண்டு மைதானத்தில் விசில் ஊதும் சகோதரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலையில் பால் ஊற்ற வருபவர்கூடப் பாத்திரத்தை நிமிர்த்தும் முன், "லெஃப்ட் பேக்க மாத்துங்க சார்" என்று சொல்லிவிட்டுத்தான் ஊற்றுவார்.

நான் இதற்கென்று படித்தவன் இல்லை. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் பல வருஷம் நேரக்காப்பாளராக இருந்தேன். எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று எழுதி வைப்பதும், நேரமானால் விசில் ஊதி விரட்டுவதும் என் வேலை. கால்பந்தைப் பழைய பேப்பர் கடையில் கிடைத்த விதிமுறைப் புத்தகத்திலிருந்தும், பிறகு போனில் பார்த்தும் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் மாதா கோயில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன். ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் என் மனைவி மேரி இறந்துபோனாள். அதற்குப் பிறகு சாயங்காலங்கள் ரொம்ப நீளமாகிவிட்டன. அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு வெளியே இருந்த ஒரு கல்லூரியின் முதல்வர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

ஒரே ஒரு மேட்ச்

முதல்வர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அல்ல. கால்பந்து டீமைக் கலைத்துவிட்டு மைதானத்தில் புதுக் கட்டடம் எழுப்பலாம் என்று நிர்வாகத்தில் பேச்சு நடக்கிறது; இந்த வருஷம் பல்கலைக்கழகப் போட்டியில் ஒரு ஆட்டம் ஜெயித்துக் காட்டினால் அவர் அதைத் தடுத்துவிடுவார்; இல்லையென்றால் அவராலும் முடியாது. இதுதான் விஷயம்.

கடைசியாக எப்போது ஜெயித்தார்கள் என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். ஒரு தடவை ஜெயித்ததாகவும், அன்றைக்கு எதிர் டீம் வந்த வேன் உளுந்தூர்பேட்டையில் டயர் வெடித்து நின்றுவிட்டதாகவும் சொன்னார். எழுந்து கைகொடுத்தபோது அதை ஞாபகம் வைத்துக்கொண்டுதான் சொல்லியிருக்க வேண்டும்:

"கோப்பையெல்லாம் கேக்கல சார். ஒரே ஒரு மேட்ச். ஆனா எதிர் டீம் கிரவுண்டுக்கு வந்திருக்கணும்."

கிளவுஸ்

முதல் நாள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஏழு பேர் கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் பக்கத்துப் பையன்கள். ஐந்து பேர் கல்வராயன் மலையிலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி வந்து படிப்பவர்கள். கோல்கீப்பர் அந்தோணி தியாகதுருகத்துக்காரன், ஆறடி உயரம். ஆளைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது. முதல் பந்து அவனை நோக்கிப் போனதும் அந்த நம்பிக்கை போய்விட்டது. பந்துக்கு மரியாதையாக வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.

கையில் என்ன என்று பார்த்தேன். முழங்கை வரை நீண்ட தோல் கிளவுஸ். அவன் அப்பா வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். டீமில் யாரிடம் கிளவுஸ் இருக்கிறது என்று முன்பிருந்த கோச் ஒருவர் கேட்டாராம், இவன் கையைத் தூக்கினானாம், அன்றிலிருந்து கீப்பர். "பந்தப் பாத்தா பயமாப்பா?" என்றேன்.

"பந்தப் பாத்து எனக்கு இன்னா சார் பயம்? அத ஒதைக்க வரானே, அவனப் பாத்தா தான் பயம்."

மசாலா

எனக்குக் கத்த வராது. மேரி இருந்தவரை அதற்கு அவசியமும் இருந்ததில்லை. வீட்டில் எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். மைதானத்தில் நான் சொல்வது பக்கத்தில் நிற்பவனுக்கே பாதிதான் கேட்கும். நடுவில் ஓடுகிறவனுக்கு எங்கே கேட்கப்போகிறது?

கல்லூரி கேன்டீன் நடத்தும் பாஷா பாய் ஒரு வாரம் இதை வேடிக்கை பார்த்தார். பிறகு கல்லாவை மூடிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். நான் மெதுவாகச் சொல்வேன், அவர் உரக்கச் சொல்வார். "இடது பக்கம் ஆள் இருக்கு" என்று நான் சொன்னால், "டேய் தூங்குமூஞ்சி! லெஃப்ட்ல ஒருத்தன் தாலி கட்டப் போறவன் மாதிரி காத்துக்கினு நிக்கறான், கண்ணு தெர்ல?" என்று அது மைதானத்தைத் தாண்டி மெயின் ரோடு வரை போகும். பையன்கள் சிரித்துக்கொண்டே சரியான இடத்துக்கு ஓடினார்கள். சொன்னதை மட்டும் சொல்லுங்களேன் பாய் என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன்.

"நீங்க குடுக்கறது கறி சார், நான் போடறது மசாலா. வெறும் கறிய எவன் துன்னுவான்?"

கால் தேடுவது

ஒரு மாதம் கழித்துப் பக்கத்துப் பாலிடெக்னிக்கோடு பழக்கத்துக்கு ஒரு ஆட்டம் வைத்தோம். எங்கள் பையன்கள் இரண்டு கோல் முன்னால் இருந்தார்கள். பாய் எதிர் டீமுக்கும் சேர்த்து டீ போடச் சொல்லிவிட்டார். டீ வருவதற்குள் இரண்டுக்கு இரண்டு. முடியும்போது இரண்டுக்கு ஆறு.

பழைய வேலைப் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் நேரம் எழுதி வைப்பேன். அன்று இரவு சாப்பிடும்போது அந்தத் தாளைப் பார்த்தேன். முதல் நாற்பது நிமிஷம் ஒரு கோல்கூட விடவில்லை. ஆறும் அதற்குப் பிறகுதான். நாற்பது நிமிஷத்தில் அப்படி என்ன இருக்கிறது? சோறு ஆறிப்போன பிறகுதான் புரிந்தது. வகுப்பு முடிந்து மூன்றரைக்குப் பயிற்சி ஆரம்பிக்கிறோம். நாலு பத்துக்குக் கல்லூரி வாசலில் வெள்ளிமலை பஸ் நிற்கும். மலைப் பையன்கள் ஐந்து பேரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மிச்சம் ஏழு பேரை வைத்து ஆட முடியாது. அவர்கள் புங்கமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். வருஷக்கணக்காக இந்த டீம் நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஓடியதே இல்லை.

மறுநாள் மலைப் பையன்களில் நன்றாக ஆடுபவனான கோவிந்தனிடம், அந்த நேரம் ஆனதும் உங்களுக்கு என்னதான் ஆகிறது என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னான்:

"நாங்க ஆடணும்னு தான் சார் பாக்கறோம். கால் தானா பஸ்ஸத் தேடுது."

மெமோ

அந்த பஸ் டிரைவரை எனக்கு நன்றாகத் தெரியும். வாசலில் நிறுத்தி, தினமும் ஒரு அரை மணி தள்ளி வர வழி உண்டா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் அந்த பஸ் நிமிஷம் தவறாமல் கிளம்பக் காரணமே நான்தான். டிரைவர் எஞ்சினை நிறுத்தவில்லை. ஸ்டியரிங்மேல் சாய்ந்து என்னை ஆசையாகப் பார்த்தார். இப்படி ஒரு நாள் வரும் என்று வெகுகாலம் காத்திருந்தவர் போல இருந்தது.

"கச்சிராயபாளையத்துக்காரங்க கல்யாண சாமான் ஏத்தறாங்க, ரெண்டே ரெண்டு நிமிஷம்னு உங்க கால்ல விழாத கொறையா கேட்டேன். மெமோ வாங்கிக் குடுத்தீங்களே, மறந்துட்டீங்களா டைம்கீப்பர் சார்?"

மலைமேல் மைதானம்

பஸ் கீழே காத்திருக்காது என்றால் நாங்கள் மேலே போய்விட்டால் போயிற்று. சனிக்கிழமை காலை அதே பஸ்ஸில் சமவெளிப் பையன்கள் ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு வெள்ளிமலை தாண்டி கோவிந்தன் ஊருக்குப் போனேன். வளைவுகளில் அந்தோணி மூன்று தடவை வாந்தி எடுத்தான். மேலே போய் இறங்கியதும், சாமைக் கொல்லையை ஒட்டி அவர்கள் திருத்தி வைத்திருந்த மைதானத்தைப் பார்த்தோம். நல்ல இடம்தான். ஆனால் இரண்டு கோல் கம்பங்களுக்குப் பின்னாலும் பத்தடி நிலம், அதற்கப்பால் ஓடை வரை ஒரே சரிவு.

ஐந்து நிமிஷத்துக்குள் தியாகதுருகத்துப் பையன் ஒருவன் ஓங்கி ஒரு உதை விட்டான். பந்து கம்பத்துக்கு மேலே போய்ச் சரிவில் மறைந்தது. ஆட்டம் நின்றது. உதைத்தவன்தான் இறங்கி எடுத்து வர வேண்டும், அதுதான் அங்கே சட்டம். முள் கீறிய காலோடு அவன் திரும்பி வர முக்கால் மணி ஆயிற்று. அதற்குப் பிறகு மலைப் பையன்கள் ஆடுவதைக் கவனித்துப் பார்த்தேன். பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, சின்னச் சின்னதாகத் தள்ளி, கோல் வாசல் வரை அழகாகக் கொண்டுபோனார்கள். அங்கே போனதும் ஓங்கி அடிக்காமல் இன்னொருவனுக்குத் தள்ளிவிட்டார்கள். கல்லூரி மைதானத்திலும் கோவிந்தன் இதையேதான் செய்துகொண்டிருந்தான். நான் அதைப் பயம் என்று நினைத்திருந்தேன். "இவ்ளோ தூரம் கொண்டாந்துட்டு ஏன்பா அடிக்க மாட்டேங்கற?" என்றேன். இதுகூடத் தெரியாதா என்பது போலப் பார்த்தான்.

"அடிச்சா யாரு சார் எறங்கிப் போய் எடுத்தாறது?"

பந்து பொறுக்கியது

சனிக்கிழமை தோறும் மலையில் அந்த ஊர்ப் பையன்களையும் சேர்த்துக்கொண்டு முழு ஆட்டம் ஆடினோம். தொண்ணூறு நிமிஷமும் ஓடினார்கள், பஸ் சாயங்காலம்தான். நடுவில் கோவிந்தன் அம்மா கொண்டுவந்து வைக்கும் சாமைச் சோற்றுக்காகவே சிலர் வந்தார்கள் என்று எனக்குச் சந்தேகம். கால்கள் சரியாயின. அடிக்கும் விஷயம் மட்டும் சரியாகவில்லை.

மற்ற நாட்களில் கல்லூரியில் நானே கோலுக்குப் பின்னால் போய் நின்றேன். "நீ அடி, எங்க போனாலும் நான் எடுத்தாறேன்" என்று கோவிந்தனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. முதல் பந்தை அடித்துவிட்டு அவனே எடுக்க ஓடினான். பிடித்து நிறுத்தினேன். இரண்டாவதை அடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு, நான் கருவேல முள்ளுக்குள் நுழைவதைச் சங்கடத்தோடு பார்த்தான். பத்தாவது பந்துக்குமேல் சங்கடம் போய்விட்டது. இருபதாவது பந்து காம்பவுண்டு சுவரைத் தாண்டிக் கரும்பு வயலில் விழுந்தபோது பையன் வாய்விட்டுச் சிரித்தான். என் மூச்சு வாங்கலைப் பார்த்துப் பாயும் வந்து சேர்ந்துகொண்டார். இரண்டு மாதம் இரண்டு கிழவர்கள் பந்து பொறுக்கினோம். ஒருநாள் பாய் தன் பேண்டை இடுப்பில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்து சொன்னார்:

"கம்மியா துன்னு, ஜாஸ்தியா நடன்னு டாக்டர் அஞ்சு வருஷமா கத்திக்கினு இருந்தாரு சார். அவருக்கு இந்தப் பையனக் கூட்டிக்கினு வரணும்னு தோணலியே."

இவன் அடிக்க மாட்டான்

பல்கலைக்கழகப் போட்டியில் எங்களுக்கு இரண்டே ஆட்டம். முதல் ஆட்டத்தில் ஒரு கோலில் தோற்றோம். இனி மிச்சம் இருந்தது ஒன்று. அதைப் பார்க்க முதல்வரே வந்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மைதானம் இருக்குமா போகுமா என்பது பையன்களுக்கும் தெரியும்.

நாற்பதாவது நிமிஷம் வந்தது. என் கண் கடிகாரத்தில் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை, ஓடிக்கொண்டே இருந்தார்கள். எழுபது நிமிஷம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. பாய்க்குத் தொண்டை கட்டிப்போய் வெறும் காற்றுதான் வந்தது. அப்போது கோவிந்தனுக்குப் பந்து கிடைத்தது. கோலுக்கு நல்ல தூரம். விசித்திரமாக ஒருவரும் அவனைத் தடுக்கவில்லை. எல்லோரும் பின்வாங்கி, அவன் யாருக்குத் தள்ளுவான் என்று மற்றவர்களை மறித்து நின்றார்கள். கீப்பர்கூட முன்னால் வந்து நின்றான். "அடிடா கோவிந்தா!" என்று ஒரு குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. அது என்னுடையது என்று பாய் திரும்பிப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

பந்து கீப்பர் தலைக்கு மேலே போய் வலைக்குள் இறங்கியது. மிச்ச நிமிஷங்களில் அந்தோணி நாலு பந்தைப் பிடித்தான், இரண்டை முகத்தால். விசில் ஊதியதும் நடந்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். முதல்வரின் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. எதிர் டீம் பயிற்சியாளர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நம்மைப் போலப் பிழைக்கிற இன்னொரு மனிதர். தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார்:

"போன வருஷம் பூரா பாத்தேன் சார், இந்தப் பையன் கோல் வாசல்ல போய் பாஸ் குடுத்துட்டு நிப்பான். 'இவன் அடிக்க மாட்டான், விட்டுட்டு மத்தவனப் புடிங்க'ன்னு பசங்க கிட்ட நான் தான் சொல்லி அனுப்பினேன்."

போட்டோ

புதுக் கட்டடம் விடுதிக்குப் பின்னால் போய்விட்டது. ஜெயித்த அன்றே முதல்வர் எல்லோரையும் நிற்கவைத்துப் போட்டோ எடுக்க வேண்டும் என்றார். தன் போனை, சும்மா நின்றிருந்த என்னிடம் கொடுத்தார். நடுவில் பாஷா பாய் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அவர் தோளில் கோவிந்தனும் அந்தோணியும் கை போட்டிருந்தார்கள். நல்லபடியாகவே எடுத்தேன். பெரிதாக்கி அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

இந்த வருஷம் டீமுக்கு ஆள் எடுக்கும் அன்று மைதானம் கொள்ளாத கூட்டம். மைதானத்துக்குப் போகுமுன் ஒரு புதுப் பையன் அந்தப் போட்டோ முன்னால் நின்றிருந்தான். என்னைப் பார்த்து, "இதுல கோச் யாருங்கய்யா? நடுவுல பந்து வெச்சிக்கினு ஜம்முனு நிக்கறாரே, அவருங்களா?" என்றான். எனக்கு மறுக்க மனம் வரவில்லை. ஆமாம்ப்பா, அவர்தான் என்றேன். பையன் திருப்தியாகத் தலையாட்டினான்.

"பாத்தவுடனே நெனச்சேங்க. அது ஆட்டம் தெரிஞ்ச மூஞ்சி."

நம் தொழில் இவ்வளவுதான், நண்பர்களே: தோற்றால் நம் முகம் ஊருக்கே தெரியும், ஜெயித்தால் போட்டோவை நாம்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும்.